எங்கள் பாயிண்ட் கார்டை விட்டுக்கொடுக்கலாமா?

பாளையங்கோட்டையில் சிறிய கூடைப்பந்து கிளப் நடத்துகிறோம். தூத்துக்குடி கிளப் ஒன்று எங்கள் பாயிண்ட் கார்டை, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் ஆட்டக்காரரை, கேட்கிறது. பதிலுக்கு இரண்டு இளைஞர்களைத் தருகிறதாம். இருவரும் ஆறடிக்கு மேல். எங்களிடமோ ரீபவுண்டு எடுக்க, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, ஆளே இல்லை. ஆனி பிறப்பதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவருக்கு வயது 31. தை மாதத்திலிருந்து இடது முழங்கால் வீங்குகிறது. முதல் பாதியில் பழைய வேகம்தான். அதன்பிறகு தடுப்பாட்டத்துக்குத் திரும்பி ஓட முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும் சர்பத் கடை ஐஸைத் துண்டில் கட்டி முழங்காலில் வைத்தபடி சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருப்பார். சுற்றிலும் சிறுவர் பட்டாளம். அவர் போனால் அந்தப் பட்டாளமும் கலைந்துவிடும்.

ஓய்வு கொடுத்தோம், மாற்று ஆளாக இறக்கினோம், பிசியோதெரபியும் நடக்கிறது. ஸ்கேனில் ஜவ்வு கிழியவில்லை, குருத்தெலும்புதான் தேய்ந்திருக்கிறது. அவரிடமே கேட்டால், “கிளப்புக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கள், அண்ணாச்சி” என்கிறார். இதற்கு அவர் எங்களைத் திட்டியிருக்கலாம்.

2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் டாலஸ் அணி தன் நட்சத்திர ஆட்டக்காரர் லூக்கா டான்சிச்சை லேக்கர்ஸ் அணிக்குக் கொடுத்து ஆன்டனி டேவிஸை வாங்கியதையும், ரசிகர்கள் அரங்கத்துக்கு வெளியே சவப்பெட்டி வைத்துப் போராடியதையும் சொல்லி ஒரு தரப்பு பயமுறுத்துகிறது. ஆனால் டான்சிச்சுக்கு அப்போது 25 வயது. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோயிருந்தார். இரண்டும் ஒன்றல்ல என்பது என் கட்சி.

இப்படித் தேய்ந்த முழங்காலுள்ள ஆட்டக்காரரை, ஆட்ட நேரத்தைக் குறைத்து இன்னும் ஓரிரு பருவம் ஆடவைத்த பயிற்சியாளர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா?