லண்டன்–கிளாஸ்கோ, பின்னால் நாய்: சர்வீசஸில் நிறுத்துவதா, ஜங்ஷனில் இறங்கி பப்புக்குப் போவதா?

வெம்பிளி வாசி:
வெம்பிளியிலிருந்து கிளாஸ்கோவுக்கு எம்40, எம்42, எம்6 டோல், எம்6, எம்74 வழியாகச் சுமார் 400 மைல். ஓட்டம் மட்டுமே ஏழு மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குறைந்தது 15 நிமிடம் நிறுத்தச் சொல்கிறது பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோட், 91ஆம் விதி. ஆக மூன்று நிறுத்தம். பின்னால் 30 கிலோ லாப்ரடார்.

என் கட்சி இது: மூன்றில் ஒன்றாவது மோட்டர்வேயை விட்டு இறங்கி, அரை மணி நேரம் மண்ணில் நடந்து, நாயை உள்ளே விடும் பப்பில் சாப்பிடுவதாக இருக்க வேண்டும். சர்வீசஸில், அதாவது மோட்டர்வேயை ஒட்டிய ஓய்விடத்தில், லாரி நிற்கும் ஓரத்துப் புல்லில் ஐந்து நிமிடம் இழுத்துப் போய் வந்தால் மூத்திரம் போகும், அவ்வளவுதான். மோந்து மோந்து நடந்த நாய்தான் அடுத்த இரண்டு மணி நேரம் படுத்துத் தூங்கும். இல்லாவிட்டால் ஸ்டோக் தாண்டுவதற்குள் முனகல் ஆரம்பம்.

இரண்டு இடம் சொல்கிறேன். எம்40 ஜங்ஷன் 12இல் இறங்கினால் பர்ட்டன் டாசெட் மலைகள். கவுன்டி கவுன்சிலின் கன்ட்ரி பார்க், கார் நிறுத்தக் கட்டணம் உண்டு, மேட்டின் மேல் ஒரு பழைய கல் கோபுரம். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் போனால் எட்ஜ்ஹில்லில் 'காசில்' பப்: 1642இல் இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் சண்டை நடந்த சரிவின் உச்சி, 18ஆம் நூற்றாண்டு எண்கோணக் கோபுரம்தான் பப். அடுத்தது எம்6 ஜங்ஷன் 36. ஏ590 இரட்டைப் பாதையில் ஐந்து மைலுக்குள் சைசர்க் கோட்டை, பக்கத்திலேயே 'ஸ்ட்ரிக்லண்ட் ஆர்ம்ஸ்' பப். பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் உறுப்பினருக்குக் கோட்டையில் கார் நிறுத்தக் காசு கிடையாது.

குரோய்டன் ரவி:
வாசி சார், கணக்கு போட்டுப் பாருங்க. ஜங்ஷனிலிருந்து ஐந்து மைல்தான்னு மேப் சொல்லும். அதில் பாதி ஒற்றை வண்டி போற சந்து, சராசரி 25 மைல் வேகம் வந்தால் அதிகம். போக 12 நிமிடம், வர 12. நடை 30. ஆர்டர் கொடுத்துத் தட்டு வர 25, சாப்பிட்டுக் காசு கொடுக்க 25. சேறு துடைச்சு நாயை ஏத்த 10. கூட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு ஆறு நிமிடம்தான் குறைச்சல். அதே நேரத்துக்கு மோட்டர்வேயில் 120 மைல் போயிருக்கலாம். சர்வீசஸில் கழிப்பறை, காபி, நாய்க்குப் பத்து நிமிடம், எல்லாம் சேர்த்து அரை மணி.

அடுப்பு நேரம் இன்னொரு தொல்லை. கிராமத்துப் பப்பில் பெரும்பாலும் பன்னிரண்டுக்கு அடுப்பு பற்றும், இரண்டு, இரண்டரைக்கு அணையும். மறுபடி ஆறு மணிக்குத்தான். திங்கட்கிழமை பல இடம் பூட்டு. எம்6இல் ஒரு விபத்து நடந்தால் உங்க ஒரு மணி லஞ்ச் மூன்று மணி ஆகும். கிடைக்கிறது ஒரு பாக்கெட் கிரிஸ்ப்ஸ். சர்வீசஸ் அப்படி இல்லை. 24 மணி நேரமும் திறந்திருக்கணும், இரண்டு மணி நேரம் பார்க்கிங் இலவசம், கழிப்பறைக்குக் காசு வாங்கக் கூடாது. இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டால்தான் இங்கிலாந்தில் மோட்டர்வே பலகையில் பேரே வரும்.

மின்சாரக் கார்னா பேச்சே வேண்டாம். ரேப்பிட் சார்ஜரில் 10 சதவீதத்திலிருந்து 80க்கு ஏற அரை மணி, முன்ன பின்ன. பப் சுவரில் 7 கிலோவாட் பெட்டி இருந்தாலே அதிர்ஷ்டம், அதில் ஒரு மணி நேரத்துக்கு 25 மைல் ஏறும்.

ஹாரோ தீபன்:
ரெண்டு பேரும் பப்பையும் பார்க்கிங்கையும் கதைக்கிறியள், ஆட்டைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. வாசி அண்ணை சொன்ன பர்ட்டன் டாசெட் திறந்த மேய்ச்சல் நிலம், செம்மறி கார் பாதைக்குப் பக்கத்திலேயே நிக்கும். ஒன்றரை மணித்தியாலம் காரின்ர பின்பகுதிக்குள்ள கிடந்த நாய்க்கு முன்னால அதைக் காட்டினால் எப்பிடி இருக்கும்?

சட்டம் கடுமையானது. 1953 சட்டப்படி, செம்மறி நிக்கிற வயலுக்குள்ள நாயைக் கயிறில்லாமல், கட்டுப்பாடில்லாமல் விடுறதே குற்றம், கடிச்சிருக்கோணும் எண்டில்லை. சினை ஆட்டைத் துரத்தினாலே குட்டி கலைஞ்சு போகும். வேற வழியில்லாத நிலையில கமக்காரன் (விவசாயி) நாயைச் சுடலாம். 48 மணித்தியாலத்துக்குள்ள பொலிசுக்குச் சொன்னால் 1971 சட்டம் அவருக்குப் பாதுகாப்புக் குடுக்குது. மார்ச் 1 தொடக்கம் ஜூலை 31 வரைக்கும், பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட மேட்டு நிலங்களில இரண்டு மீற்றருக்கு மேற்படாத கயிறு கட்டாயம். கால்நடைக்குப் பக்கத்தில எண்டால் வருசம் முழுக்க. எல்லை தாண்டி ஸ்கொட்லாந்துக்குள்ள போனால் இன்னும் மோசம்: 2021 சட்டத்துக்குப் பிறகு அபராதம் 40,000 பவுண்டு வரைக்கும், அல்லது 12 மாதம் வரை சிறை.

மாடு வேற கதை. கன்றோட நிக்கிற பசு நாயைத்தான் குறி வைக்கும், கயிறு உங்கட கையில எண்டால் நீங்களும் சேர்ந்து மிதிபடுவியள். துரத்திக்கொண்டு வந்தால் உடன கயிறை விடுங்கோ. நாய் ஓடித் தப்பும், நீங்கள் வேலிக்கு ஒதுங்கலாம்.

இன்னொண்டு. பிறெஸ்டனுக்குக் கிட்ட, எம்6 ஜங்ஷன் 31இல இறங்கின உடன பிறொக்ஹோல்ஸ் எண்டொரு இயற்கைப் பூங்கா. ஏரி, நடைபாதை, சாப்பாட்டுக்கடை எல்லாம் இருக்கு. மேப்பில பார்த்தால் நாய்க்கெண்டே செய்த மாதிரி. ஆனால் உதவி நாய்களைத் தவிர வேற நாய்க்கு அனுமதியில்லை. பறவைகள் நிலத்தில கூடு கட்டுற இடம். பெயரை மட்டும் பார்த்து ஜங்ஷனில இறங்கினால் இதுதான் நடக்கும்.

வெம்பிளி வாசி:
தீபன் தம்பி சொன்னது எல்லாம் சரி. அதற்காக மலையையே விட வேண்டாம், வண்டியிலிருந்து இறக்கும் முறையைச் சரி செய்தால் போதும். காரின் பின்கதவை ஒரு சாண் மட்டும் திறந்து, கையை விட்டு ஹார்னஸில் கயிறை மாட்டி, அதன் பிறகே முழுசாகத் திறக்க வேண்டும். இழுத்தால் நீளும் சுருள் கயிறு வேண்டாம். கொக்கியில் 30 கிலோ திடீரென்று பாய்ந்தால் கைப்பிடி நழுவி, பின்னாலேயே தரையில் இழுபட்டு வரும். அந்தச் சத்தத்துக்கு நாய் இன்னும் வேகமாக ஓடும். இரண்டு மீட்டர் பட்டைக் கயிறுதான் சரி.

பாதை தேர்வில் பலர் கோட்டை விடுவது வேலியை ஏறித் தாண்டும் படிகளில். ஓ.எஸ். (ஆர்டனன்ஸ் சர்வே) நடைப் பாதை மேப்பில் அவை எங்கே இருக்கின்றன என்று போட்டிருக்காது. வயதான லாப்ரடாரை அதன் மேல் தூக்கிப் போடுவது இரண்டு ஆள் வேலை. 1:25,000 மேப்பில் நீளமான பச்சைக் கோடுகளாகப் போட்டிருப்பது குதிரையும் போகும் பாதை. குதிரை படி ஏறாது, அதனால் அங்கே கேட்தான் இருக்கும். குட்டைப் பச்சைக் கோடு ஆள் நடக்கும் பாதை, அதில் படிகள் வரும்.

இப்போது ரவிக்கு ஒரு கேள்வி. ஓட்டுநர் தனி ஆள் என்றால் சர்வீசஸில் என்ன செய்வார்? கட்டடத்துக்குள் பெரும்பாலும் உதவி நாய்க்கு மட்டுமே அனுமதி. கழிப்பறைக்குப் போய், வரிசையில் நின்று வாங்கி வர இருபது நிமிடம், நாய் காருக்குள். வெளியே 22 டிகிரி இருந்தால் ஒரு மணி நேரத்தில் உள்ளே 47 வரை ஏறலாம் என்கிறது விலங்கு நல அமைப்பான ஆர்.எஸ்.பி.சி.ஏ. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவைத்தால் பெரிய வித்தியாசம் வராது. பப்பில் நாய் காலடியில் கிடக்கும், கழிப்பறைக்குப் போகும் நேரத்துக்குப் பக்கத்து மேசைக்காரரே பார்த்துக்கொள்வார். மோட்டர்வேயிலேயே பப் வேண்டும் என்பவர்களுக்கு எம்40 ஜங்ஷன் 2, பீக்கன்ஸ்ஃபீல்டில் 2014இல் வெதர்ஸ்பூன் என்ற பப் நிறுவனம் ஒன்றைத் திறந்தது. ஆனால் அவர்கள் பப்களிலும் உதவி நாய் மட்டும்தான்.

குரோய்டன் ரவி:
தனி ஆள் விஷயம் நியாயம். ஆனால் அதுக்கு டிரைவ்-த்ரூ இருக்கு, பெட்ரோல் பங்கில் சாண்ட்விச் இருக்கு. சில மின்சாரக் கார்களில் ஏசியை ஓடவிட்டுப் பூட்ட முடியும், டெஸ்லாவில் நாய்க்குன்னே 2019 முதல் ஒரு வசதி இருக்கு. எல்லா சர்வீசஸையும் ஒரே தட்டில் வைக்காதீங்க. டெபே, எம்6 ஜங்ஷன் 38க்கும் 39க்கும் நடுவில், 1972இல் இருந்து அந்த ஊர்க் குடும்பமே நடத்துது. வாத்துக் குளம், மலைக் காற்று, நாய் நடக்க இடம், சாப்பாடும் வாயில் வைக்கிற மாதிரி இருக்கும். அதே நிறுவனம்தான் எம்5இல் குளோஸ்டரும் நடத்துது. அரை மணியில் இதெல்லாம் கிடைக்கும்போது ஏன் சந்து சந்தா அலையணும்?

பப்பில் நாய்க்கு எந்தச் சட்ட உரிமையும் இல்லைங்கிறதையும் சொல்லிடணும். சாப்பிடற இடத்தில் நாய் வரக் கூடாதுன்னு சட்டம் இல்லை, சமைக்கிற இடத்துக்கு மட்டும்தான் தடை. மத்தது முழுக்க நடத்துறவர் இஷ்டம். கை மாறினால் விதியும் மாறும், வெப்சைட்டில் பழைய படம் அப்படியே இருக்கும்.

வெம்பிளி வாசி:
அதனால்தான் அரை மணி நேரம் முன்னாலேயே பக்கத்து சீட்காரர் போன் செய்ய வேண்டும். "நாய் வரலாமா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓ, தாராளமா" என்பார்கள். போய்ப் பார்த்தால் கல் தரை போட்ட பார் பக்கம் மட்டும், அங்கே இரண்டே மேசை, இரண்டிலும் ஆள். கேட்க வேண்டியது: "நாயோடு உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிட மேசை ஒதுக்குவீர்களா? கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு?" கிளைக் கேள்வி இரண்டு: பப் நாய் உண்டா, பப் பூனை உண்டா.

உள்ளே போனால் மூலை மேசை. சமையலறைக் கதவுக்கும் வாசலுக்கும் நடுவில் உட்காராதீர்கள், ஒவ்வொரு தட்டும் நாயின் மூக்குக்கு மேலேதான் போகும். கயிறை நாற்காலிக் காலில் கட்டக் கூடாது. பூனை தெரிந்தால் நாற்காலியும் சேர்ந்து புறப்படும். உங்கள் தொடைக்கு அடியில் வையுங்கள். பழைய போர்வை ஒன்று விரித்தால், வீட்டுப் போர்வை என்று தெரிந்து அதிலேயே சுருண்டுவிடும்.

லெஸ்டர் நித்யா:
அண்ணன்மாரே, ரெண்டு பக்கமும் நாயின் வயிற்றை மறந்துவிட்டது. சர்வீசஸ் புல்லில் பெரிய ஆபத்து கோழி எலும்பு. ஜன்னல் வழியாக வீசிய டப்பாக்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். கார் நிறுத்தும் இடத்தில் பச்சை, நீல நிறத்தில் குட்டை தெரிந்தால் நக்க விடாதீர்கள். ரேடியேட்டர் ஆன்டிஃபிரீஸ் இனிப்பாக இருக்கும், கொஞ்சம் போதும், சிறுநீரகம் போய்விடும். வெயில் நாளில் தாரில் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியாவிட்டால் பாதத்துக்கும் முடியாது.

பப்பில் எதிரி கிரேவி. வெங்காயம் இல்லாத கிரேவி அரிது, வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். அறிகுறி சில நாள் கழித்துத்தான் தெரியும், அதற்குள் காரணம் மறந்துபோயிருக்கும். சாசேஜிலும் அதே கதை. திராட்சை போட்ட புட்டிங் கூடவே கூடாது.

சாப்பாடு: கிளம்புவதற்கு இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே காலை உணவு முடிய வேண்டும். நடுவில் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். அதுவும் நடைக்குப் பிறகு. வயிறு நிறையத் தின்ற பெரிய மார்புள்ள நாயை ஓடவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம். தண்ணீர் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 50 முதல் 60 மில்லி, 30 கிலோவுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல். ஒரே மூச்சில் ஊற்றாமல் நிறுத்தத்துக்கு 200 மில்லி.

நடந்து வந்தால் காது மடல், அக்குள், விரல் இடுக்கில் உண்ணி தேடுங்கள். உண்ணி எடுக்கும் கொக்கியால், தோலை ஒட்டி உண்ணியைப் பிடித்துத் திருகி எடுக்க வேண்டும். எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் செய்தால் அது வயிற்றில் உள்ளதைக் கக்கும், நோய்க்கிருமி உள்ளே போகும்.

ஹாரோ தீபன்:
நித்யா சொன்னதோட ஒண்டு. நாயின்ர கழிவை மாட்டுப் புல்லில விட்டால் நியோஸ்போரா எண்ட ஒட்டுண்ணி பரவிப் பசுவுக்குக் கரு கலையும். எடுத்துக் கட்டின பையை வேலியில தொங்கவிடாதேங்கோ, காருக்கே கொண்டு வாங்கோ.

பப்பில ஒரு பைண்ட் பியர் எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு: ஓட்டுறவருக்கு மதுவின்ர சட்ட எல்லை இங்கிலாந்தில 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம், ஸ்கொட்லாந்தில 2014 டிசம்பரிலிருந்து 50. சைசர்க்கில குடிச்சது ஸ்கொட்லாந்து எல்லையில இருக்கிற கிரெட்னா தாண்டினாலும் ரத்தத்திலதான் நிக்கும். ஓட்டுறவருக்கு எலுமிச்சைத் தண்ணி.

குரோய்டன் ரவி:
சரி, திட்டத்தை நேரத்தோட பார்ப்போம். காலை ஏழுக்குக் கிளம்பினால் பர்ட்டன் டாசெட் எட்டரைக்குள்ள. அந்த நேரத்துக்கு எட்ஜ்ஹில் பப்பில் சமையல் ஏது? அங்கே நடை மட்டும்தான். பப் சைசர்க்கில்தான் முடியும். நடுவில் எம்6இல் ஒரு கால் மணி நிறுத்தம், ஜங்ஷன் 36 பன்னிரண்டரைக்கு. தடை இல்லாட்டி. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் தடை இல்லாமல் இருந்தால்தான் செய்தி.

அதனால் சார்னக் ரிச்சர்ட் சர்வீசஸ், ஜங்ஷன் 27க்கும் 28க்கும் நடுவில். அதை 12:45க்குள்ள தாண்டலைன்னா சைசர்க்கை மறந்துட்டு நேரா டெபே. கூரைப் பெட்டி வைத்தவங்க கார் பார்க்கில் உயரத் தடுப்புக் கம்பி உண்டான்னும் முன்னாடியே பார்த்துக்கணும். பெட்டியோடு எஸ்டேட் காரே இரண்டு மீட்டரைத் தொடும்.

வெம்பிளி வாசி:
12:45 ரொம்பக் கறார். சார்னக் ரிச்சர்டிலிருந்து 36க்கு ஏறக்குறைய முக்கால் மணி. ஒரு மணிக்குத் தாண்டினாலும் போனில் ஆர்டரைச் சொல்லிவிட்டு இரண்டுக்கு முன்னால் உட்காரலாம். நடையைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நித்யா சொன்னபடி நாயின் தட்டை மட்டும் நடை முடிந்த பின் வைத்தால் சரி. கிழக்கு லண்டன்காரர்கள் எம்1இல் வந்தால் ஜங்ஷன் 29இல் ஹார்ட்விக் ஹால், 1590களில் கட்டியது, பூங்கா வாசலில் 'ஹார்ட்விக் இன்' பப். அங்கேயும் பூங்காவில் ஆடு மாடு மேயும், தீபன் தம்பி.

ஹாரோ தீபன்:
ஓம் அண்ணை, இரண்டு மீற்றர் கயிறு.