விமான இறக்கை ஒட்ட உலர்ந்த ஷெட் தேவை: சேலம் நண்பர்கள் உதவுங்கள்

வணக்கம். ஏற்காட்டில் வீட்டுப் பின்கட்டில் பிட்ஸ் எஸ்-1சி விமானம் கட்டி வருகிறேன். ஒருவர் மட்டும் உட்காரும் இரட்டை இறக்கை விமானம். கர்ட்டிஸ் பிட்ஸின் வடிவமைப்பு. முதல் பிட்ஸ் 1944லேயே பறந்துவிட்டது. வீட்டில் கட்டுவோருக்கான வரைபடம் 1962ல் வந்தது.

உடற்கூடு எஃகுக் குழாய், அதில் சிக்கல் இல்லை. இறக்கைதான் மரம். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கட்டையில் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று பார்க்கிறேன். இங்கே மூடுபனி நாளில் கதவைச் சாத்தினாலும் மரம் ஈரத்தை உறிஞ்சுகிறது. அப்படி ஒட்டிய இரண்டு விலாக்கள் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) காய்ந்ததும் முறுக்கிக்கொண்டன. மனசே ஆறவில்லை.

அப்புறம் இன்னொன்று. மேல் இறக்கை நடுவில் பிரியாமல் ஒரே துண்டு, 17 அடிக்கு மேல். செய்து முடித்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறக்க எனக்குத் துணிவில்லை. கீழேயே ஒட்டுவதுதான் சரி.

ஓமலூர், அஸ்தம்பட்டி பக்கம் 25 அடி நீளத்தில், ஒழுகாத ஷெட் ஆறு மாதத்துக்கு வாடகைக்குக் கிடைக்குமா? மர ஈரம் அளக்கும் மீட்டர் யாரிடமாவது இருந்தால் ஒரு வாரம் இரவல் கொடுங்கள். மரக்கடை வைத்திருப்பவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.