புதுப்பிப்பு: மலைச் சைக்கிளுக்கு ஹெல்மெட் வாங்கிவிட்டேன்

கன்னியாகுமரி மாவட்டக் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டப் பாதைகளில் ஓட்ட எந்த ஹெல்மெட் நல்லது என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். முகம் முழுவதும் மூடும் வகை வேண்டாமென்று முடிவுசெய்தேன். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏற்றம் மிதிக்கும்போது கழற்றிவிடத்தான் தோன்றும். பின்மண்டையையும் நெற்றிப்பொட்டையும் தாழ மூடும் வகையை எடுத்தேன். சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இஎன் 1078 முத்திரையும் மிப்ஸ் உள்ளடுக்கும் உண்டு. சாய்வாக விழுந்தால் அந்த அடுக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர் நழுவி, மூளையைத் தாக்கும் சுழல்விசையைக் குறைக்கும்.

புருவத்துக்குச் சற்று மேலே நாடாவைச் சுற்றி அளந்தேன்: 57 செ.மீ. அந்த அளவு ஹெல்மெட்டைப் போட்டு, வார் மாட்டாமல் தலையை உலுக்கியும் அசையவில்லை.

அடிபட்ட பழைய ஹெல்மெட்டைத் தம்பிக்குக் கொடுக்கக் கூடாது என்று இங்கே சொன்ன அண்ணனுக்கு மிக்க நன்றி. ஒருமுறை நசுங்கிய உள்நுரை மீளாது. வெளியே கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். உடைத்தே போட்டுவிட்டேன்.