குதிரைக்குக் கால் அடி, பயிற்சி தொடங்கலாமா? அவசரம்

கொங்குசவாரி:
நம்ம மார்வாரி இனப் பெண் குதிரைக்குக் கால் அடிபட்டு ஓய்வில் இருக்கிறது. இப்போது நொண்டவில்லை. லாயத்திலேயே நின்று வெறி பிடித்த மாதிரி துள்ளுகிறது. கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுப் பயிற்சி தொடங்கலாமா? ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். சீக்கிரம் சொல்லுங்க.

குளம்பொலி:
எந்தக் கால்? எலும்பா, நரம்பா (தசைநாணா)? அடிபட்டு எத்தனை நாள்?

லாடம்பட்டறை:
முதலில் குளம்பைப் பாருங்க தம்பி. முன்பக்கம் நீளமாக வளரவிட்டால் காலின் பின்பக்க நரம்புக்குத்தான் இழுவை. பாதிப் பேருக்கு அங்கேதான் கோளாறு.

பழையஜாக்கி:
மாதம் ஒருவர் இதையே கேட்கிறார். பழைய பதிவைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. கால் எது என்றுகூடச் சொல்லாதவருக்கு என்ன பதில் சொல்வது?

கொங்குசவாரி:
முன் இடது கால், முட்டிக்குக் கீழே பின்பக்கம் வீங்கியது. ஒன்றரை மாதம் இருக்கும். டாக்டர் ஊசி போட்டார். ஸ்கேன் எடுக்கவில்லை.

பழையஜாக்கி:
அப்படியென்றால் பின்நரம்பு. நொண்டவில்லை என்பதை நம்பாதீர்கள். வலி சில வாரத்தில் போய்விடும், நரம்பு தேற 9 முதல் 12 மாதம் பிடிக்கும். வலி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் நொண்டலே தெரியாது. ஆடியை மறந்துவிடுங்கள்.

கால்நடைமாணவி:
அண்ணா, வட்டம் மட்டும் வேண்டாம். வளைவில் ஒரு பக்கமாகப் பாரம் விழும், துள்ளினால் திரும்பக் கிழியும். முதலில் ஸ்கேன். உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்தான், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்க. டாக்டர் சரி என்றால் கெட்டியான சமதரையில் கையில் பிடித்து நேராக நடக்கவிடுங்க. காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம், வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம். நடந்த பிறகு கால் சூடாக இருந்தாலோ வீங்கினாலோ பழைய அளவுக்கே இறங்கிவிடணும். துள்ளோட்டமெல்லாம் அடுத்த ஸ்கேனுக்கு அப்புறம். கொள்ளுத் தீனியைக் குறைத்து வைக்கோல், புல் கூட்டுங்க. பாதித் துள்ளல் தீனியால்தான். அப்புறமும் அடங்காவிட்டால் டாக்டரே லேசான மயக்க மருந்து தருவார். லாயத்துக்குள்ளேயே நில் என்றால் நிற்பது, கயிற்றைத் தாழ்த்தினால் தலை தாழ்த்துவது, இதைப் பழக்குங்க. காலுக்குச் சிரமமில்லை, வெளியே வரும்போது கைக்குள் நிற்கும்.

ரேக்ளாராஜா:
இத்தனை எதுக்குங்க? எங்க தாத்தா பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காலில் சூடு போடுவார், அடுத்த பந்தயத்துக்குக் குதிரை ரெடி.

கால்நடைமாணவி:
ஐயா, இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 1983-இல் எழுதிவிட்டார்கள். சூட்டால் நரம்பு ஆறவில்லை.

ரேக்ளாராஜா:
வெள்ளைக்காரன் ஆராய்ச்சி நம்ம குதிரைக்கு எதுக்கு?

பழையஜாக்கி:
வெள்ளைக்காரப் பட்டாளமும் குதிரைக்குச் சூடு போட்டதுதான், ராஜா. சூட்டுப்புண் ஆறும்வரை கட்டிப்போட்டு வைப்பீர்கள். அந்த ஓய்வுதான் வேலை செய்தது.

ரேக்ளாராஜா:
வண்டிக்குதிரை ஓட்டியிருக்கீங்களா நீங்க?

லாடம்பட்டறை:
சண்டையை விடுங்க. குளம்பு போட்டோ எங்கே தம்பி?

கொங்குசவாரி:
ஸ்கேன் எடுத்தாச்சு. நரம்புக்கு நடுவில் கிழிசல் இருக்காம். நடை மட்டும்தான் சொன்னார்கள். இந்த வருசம் சந்தை இல்லை. நன்றிங்க.

கால்நடைமாணவி:
கிழிசல் எவ்வளவு நீளம் அண்ணா? அடுத்த ஸ்கேன் எப்போது?

லாடம்பட்டறை:
போட்டோ?