சொந்தக் களத்தில் மூன்று புள்ளிகளில் தோற்றோம்: கடைசி 40 விநாடிகள்தாம் காரணமா?

வடவாற்றங்கரையான் எழுதியது:

தஞ்சாவூரில் எங்கள் தெருவை ஒட்டியுள்ள கல்லூரியின் மகளிர் கூடைப்பந்து அணி, சென்ற வாரம் சொந்தக் களத்திலேயே 57–60 என்ற கணக்கில் தோற்றுப்போனது. அந்தக் கல்லூரியில் நான் படித்ததில்லை. என் வீட்டுப் பெண்கள் யாரும் அங்கே ஆடவும் இல்லை. மாலை நடைக்குப் போகையில் வேலியோரம் நின்று பயிற்சியைப் பார்க்கத் தொடங்கியவன், இப்போது ஆட்டந்தோறும் குறிப்பேட்டுடன் முதல் வரிசையில் போய் உட்காரும் அளவுக்கு வந்துவிட்டேன்.

அன்று காலை வரை தூறல் இருந்தது. மார்கழி மழையில் குளிர்ந்து கிடந்த சிமென்ட் தரையை மாணவிகளே சாக்குகளால் ஒற்றி எடுத்து ஆட்டத்துக்கு ஆயத்தமாக்கினார்கள். வந்திருந்ததோ கோவைப் பக்கத்து அணி. உள்ளரங்கில் மரத்தளத்தில் பழகியவர்கள் என்பதால் நம் தரை அவர்களைத் தடுமாறச் செய்யும் என்று நம்பினோம். மூன்றாவது கால்பகுதி முடியும்வரை அப்படித்தான் இருந்தது. நாம் 6 புள்ளிகள் முன்னிலையில் இருந்தோம். நான்காவது கால்பகுதியில் நம்மவர்களின் ஓட்டம் தளர்ந்தது. ஒரு புள்ளி பின்தங்கி, 40 விநாடிகள் எஞ்சியிருந்தபோது நம் அணித் தலைவிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோக்கள், அதாவது எவரும் தடுக்காமல் கோட்டில் நின்று கூடைக்கு எறியும் வாய்ப்புகள், கிடைத்தன. இரண்டுமே ரிங்கின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பின. பந்தைப் பிடித்த எதிரணிப் பெண்ணை உடனே ஃபவுல் செய்தோம். அவர் தமக்குக் கிடைத்த இரண்டையும் போட்டார். நாம் கடைசியாக எறிந்த மூன்று புள்ளிப் பந்தும் ரிங்கைச் சுற்றி வெளியே விழுந்தது.

எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. எதிரணி ஃப்ரீ த்ரோ எடுக்கும்போது சத்தம் போடுவதும், நம் பெண் எடுக்கும்போது மூச்சடக்கி இருப்பதும் இங்கே எழுதப்படாத வழக்கம். அன்று பதற்றத்தில் அரங்கமே அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூவியது. நானும் கூவினேன். ஆட்டம் முடிந்ததும் என் பின்வரிசையிலிருந்து ஒருவர், அவள் காதில் விழும்படியே, ‘இவளால்தான் போயிற்று’ என்றார். இந்தத் தோல்வியை அந்த இரண்டு எறிகளில் கட்டிவைப்பது நியாயமா? ஆட்டம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

புது ஆறு எழுதியது:

தாங்கள் டைம் அவுட்டை, அதாவது அணி கேட்டுப் பெறும் சிறு இடைநிறுத்தத்தைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. நானும் அன்று அங்கிருந்தேன். இரண்டாம் பாதிக்கு உரிய மூன்று டைம் அவுட்களில் ஒன்று கடைசிவரை நம்மிடம் மீதம் இருந்தது. கடைசி இரண்டு நிமிடங்களில் எதிரணி புள்ளி எடுத்த பின் டைம் அவுட் கேட்டால், நம் கூடையின் அடியிலிருந்து ஓடாமல், முன்களத்திலேயே, அதாவது எதிரணிக் கூடை உள்ள பாதியிலேயே, பந்தை உள்ளே எறிந்து ஆட்டத்தைத் தொடங்கலாம். அதைக் கேட்க வேண்டியவர் பயிற்றுநர். களத்தில் நிற்கும் பெண்கள் கேட்க முடியாது. ஆகவே அந்தக் கடைசிப் பந்து அவ்வளவு தொலைவிலிருந்து அவசரமாக எறியப்பட்டதற்கு அந்தப் பெண்கள் பொறுப்பல்லர்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். மழையில் ஊறிப் பந்துகள் கெட்டுவிட்டதால், சில வாரங்களாக ஆண்களின் ஏழாம் எண் பந்தில் பயிற்சி செய்தார்களாம். மகளிர் ஆட்டத்துக்குரியது ஆறாம் எண் பந்து. ஃப்ரீ த்ரோ தவறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முன்னாள் பாயின்ட் கார்டு எழுதியது:

நான் வேறொரு டெல்டா மாவட்டக் கல்லூரிக்காக மூன்றாண்டுகள் ஆடியவள். ஐயா, தாங்கள் கூவியதற்காக வருந்த வேண்டாம். கோட்டில் நிற்கும்போது கூட்டத்தின் இரைச்சல் மழைச் சத்தம் போலத்தான் கேட்கும். அதில் பெயர் தனியாகப் பிரியாது. ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு ஒருவர் சொல்லும் சொல் நன்றாகக் கேட்கும். நான் தவறவிட்ட ஒரு லே-அப்பை, அதாவது கூடையருகே ஓடிப்போய்ப் போடும் பந்தைப் பற்றிக் கும்பகோணம் பேருந்து நிலையத்தில் முகமறியாத ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் போட்டவற்றைப் பற்றி எவரும் சொன்னதாக நினைவில்லை.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஐப்பசி முதல் மார்கழி வரை திறந்தவெளிக் களத்தை நம்பியிருக்கும் அணிக்குச் ‘சொந்தக் களம்’ என்பது பெயரளவில்தான். நாங்கள் அந்த மாதங்களில் வகுப்பறைத் தாழ்வாரத்தில் பந்து தட்டிப் பழகுவோம், படிக்கட்டில் ஏறி இறங்குவோம். அங்கே ரிங் ஏது? மழை விட்ட நாளிலும் நான்கரைக்குத் தொடங்கி ஐந்தே முக்காலுக்கு முடித்துவிட வேண்டும். பாபநாசம், ஒரத்தநாடு பக்கத்துப் பெண்கள் பேருந்தைப் பிடிக்க வேண்டுமல்லவா? 2021 முதல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்பது பேருதவிதான். ஆனால் இருட்டிய பிறகு கிராமத்துக்குப் போகும் பேருந்து எத்தனை என்று வீட்டில் கேட்பார்கள். எங்கள் அணியில் நல்ல உயரமான இருவர் அந்தக் கேள்வியாலேயே இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டார்கள்.

பழைய விசில் எழுதியது:

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

பந்தின் எண்ணைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கவில்லை. ஏழாம் எண் பந்து சற்றுப் பெரியது, எடையும் கூடுதல். அதில் பழகிய கை ஆறாம் எண் பந்தை எறிந்தால், பந்து பெரும்பாலும் தேவைக்கு மேல் போய் ரிங்கின் பின்விளிம்பிலோ போர்டிலோ மோதும். கேள்வி கேட்டவரோ, தலைவியின் இரண்டு எறிகளும் முன்விளிம்பில் பட்டதாக எழுதியிருக்கிறார். பந்து இடமோ வலமோ விலகினால் முழங்கையைப் பார்ப்பேன்; குறைவாக விழுந்தால் காலைப் பார்ப்பேன். ஃப்ரீ த்ரோவைக் கை எறிவதாகத் தோன்றினாலும், போர்டிலிருந்து 4.6 மீட்டர் தள்ளியுள்ள கோட்டிலிருந்து பந்தைத் தூக்கி விடுவது மடங்கி நிமிரும் முழங்கால்தான். முப்பத்தைந்து நிமிடம் ஓடிய காலில் அந்த நிமிர்வு இருக்காது.

ஆகவே குறிப்பேடு வைத்திருப்பவரிடம் எனக்கு இரண்டு கேள்விகள். தவறிய மற்ற எறிகள் எங்கே பட்டன? அணியில் பன்னிரண்டு பேர் வரை இடம்பெறலாம் என்றிருக்க, அன்று சீருடையில் இருந்தவர்கள் எத்தனை பேர்?

மழையைப் பற்றி அந்தச் சகோதரி சொன்னது உண்மையே. ஆனாலும் ஃப்ரீ த்ரோவுக்கு முழுக் களம் வேண்டியதில்லை. ஒரே ஒரு ரிங்கைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் மேடாக்கி, மேலே தகரம் போட்டால் அடைமழையிலும் எறிந்து பழகலாம். என் பணிக்காலத்தில் இதைக் கேட்டு மூன்று முறை மனு எழுதினேன். தகரம் வந்தது, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு.

வடவாற்றங்கரையான் எழுதியது:

குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினேன். ஆட்டம் முழுவதிலும் நாம் பெற்ற ஃப்ரீ த்ரோ 22, போட்டவை 9. எதிரணி நான்காவது நிமிடத்திலேயே ஐந்தாவது ஃபவுலைச் செய்துவிட்டதால் கடைசிக் கால்பகுதியில் மட்டும் நமக்கு 11 கிடைத்தன; அவற்றில் 8 தவறின. அந்த எட்டில் ஆறுக்கு எதிரே ‘முன்’ என்று நானே குறித்திருக்கிறேன். குறிக்கும்போது அதற்குப் பொருள் இருப்பதாகத் தோன்றவில்லை. தலைவியின் இரண்டும் அந்த ஆறில் அடக்கம். மற்ற நான்கும் வேறு மூவருடையவை.

சீருடையில் இருந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஐவரே ஏறக்குறைய முழு ஆட்டத்தையும் ஆடினார்கள். சென்ற ஆண்டு இருந்தவர்களில் மூன்று முகங்களை அன்று காணவில்லை என்பது நினைவுக்கு வந்து, நேற்று வேலியோரம் நின்றபோது மாணவி ஒருவரிடம் விசாரித்தேன். ஒருவர் படிப்பை முடித்துவிட்டாராம். மற்ற இருவரும் அம்மாப்பேட்டைப் பக்கம். பயிற்சி முடிந்தால் பேருந்து இல்லையாம்.

பழைய விசில் ஐயா தஞ்சைப் பக்கம் இருந்தால், ஒரு மாலை களத்துக்கு வர இயலுமா? வடக்குப் பக்க ரிங்கின் கீழ் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. தெற்குப் பக்கம் காய்ந்துவிட்டது. அங்கே தகரம் போட என்ன செலவாகும் என்று தாங்கள் பார்த்துச் சொன்னால், எங்கள் தெருவில் கேட்டுப் பார்க்கிறேன்.