தனியார் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த ஆசிரியர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கணிதப் பட்டதாரி ஆசிரியை, கள்ளக்குறிச்சிப் பக்கம்:

"கவர்மென்ட் வேலை கிடைச்சாச்சு, இனி உனக்கென்ன, உட்கார்ந்து சம்பளம் வாங்கலாம்" என்று என் உறவுக்காரர்களே சொன்னார்கள், இன்னும் சொல்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். மெட்ரிக் பள்ளி ஒன்றில் பல வருஷம் கணக்கு எடுத்தவள் நான். 2013 ஆகஸ்டில் நடந்த டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் பாஸ் செய்து, டெட் மார்க்கோடு பழைய படிப்பு மார்க்கையும் சேர்த்துப் பார்க்கிற வெயிட்டேஜ் முறையில் 2014-இல் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தேன்.

பணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை மறைத்துவிட்டு சேவை என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. தனியாரில் கடைசியாகக் கையில் வாங்கியது 9,000 ரூபாய், மே மாதம் அதுவும் கிடையாது. சேரும்போதே டிகிரி, பி.எட். அசல் சான்றிதழ்களை வாங்கி பீரோவில் வைத்துக்கொள்வார்கள். பிள்ளை பெறப் போகும் ஆசிரியைகள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், திரும்பி வந்தால் புது ஆள், சம்பளம் அடியிலிருந்து. இங்கே 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பு சம்பளத்தோடு 12 மாதம். இந்த ஒன்றுக்காகவே எத்தனை பேர் ராத்திரி முழித்து டெட்டுக்குப் படித்தார்கள் என்று எனக்குத் தெரியும். அதில் தப்பே இல்லை.

சரி, வகுப்புக்கு வருகிறேன். சமச்சீர் கல்வி வந்த பிறகு மெட்ரிக்கிலும் அரசுப் பள்ளியிலும் ஒரே பாடத்திட்டம்தான். நான் அங்கே நடத்திய அதே ஆறாம் வகுப்புப் பாடத்தைத்தான் இங்கேயும் நடத்தினேன், அங்கே ஆங்கிலத்தில், இங்கே தமிழில். சேர்ந்த புதிதில் ஒரு பெண்ணை போர்டுக்குக் கூப்பிட்டு 612-ஐ 6-ஆல் வகுக்கச் சொன்னேன். 12 என்று எழுதினாள். ஆறில் ஆறு ஒரு முறை, அடுத்து ஒன்றில் ஆறு போகாது, இரண்டை இறக்கினால் பன்னிரண்டு, அதில் இரண்டு முறை. நடுவில் போட வேண்டிய பூச்சியம் இல்லை. "612 ரூபாயை ஆறு பேருக்குப் பிரிச்சா ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாதானா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு "இல்ல டீச்சர், நூறு ரூபாய்க்கு மேல வரும்" என்றாள். விடை தப்பு என்று அவளுக்கே தெரிகிறது, ஆனால் அந்த நூறு எங்கே தொலைந்தது என்று தெரியவில்லை. வகுப்பில் கேட்டுப் பார்த்தால் பாதிப் பேருக்கு அதே கதை.

இந்தத் தப்பு தனியார் பள்ளிப் பிள்ளைகளும் செய்கிற தப்புதான். வித்தியாசம் என்னவென்றால் அங்கே அதை நான் பார்க்கவே மாட்டேன். டைரியில் 'ஹோம்வொர்க் முடிக்கவில்லை' என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினால் மறுநாள் அம்மாவோ டியூஷன் மிஸ்ஸோ உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து முடித்து அனுப்பியிருப்பார்கள். நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும், நான் டிக் போடுவேன். நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளைகளுக்காக மேடையில் எனக்குச் சால்வை போட்டிருக்கிறார்கள். அந்த நூறில் பாதி அந்தந்த வீட்டுச் சமையலறை மேசையில் நடந்த பாடம். இங்கே அப்பா சென்னையில் கட்டட வேலை, அம்மா காலையிலேயே களை எடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போய்விடுவார், பிள்ளைதான் வீட்டில் முதல் முறையாக வகுத்தல் கணக்கு பார்க்கிற ஆள். வகுப்புக்குள் நடந்ததுதான் அந்தப் பிள்ளைக்கு மொத்தப் பாடமும். வெளியே ஒன்றும் சேராது.

இது புரிந்த பிறகு நான் நடத்துகிற விதமே மாறிவிட்டது. வீட்டுப்பாடம் என்று ஒன்றை நம்பித் திட்டம் போடுவதை விட்டேன். பீரியடில் பாதி நேரம்தான் போர்டு, மீதி நேரம் பிள்ளைகள் போட வேண்டும், நான் பெஞ்சு பெஞ்சாகப் போய் பென்சில் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். ஆறாம் வகுப்பில் முதல் சில வாரம் புத்தகத்தையே தொடுவதில்லை. புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகக் குவித்து இடமதிப்பு, கடன் வாங்கிக் கழித்தல், அப்புறம்தான் வகுத்தல். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் "சிலபஸ் எங்கே நிற்கிறது?" என்று கேட்டார். குழந்தைகளின் நோட்டை எடுத்துக் காட்டினேன், பார்த்துவிட்டு மேலே பேசவில்லை.

பெற்றோர் கூட்டமும் வேறு உலகம். அங்கே அரை மார்க் ஏன் குறைந்தது என்று விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இங்கே வருகிற அம்மா நாற்காலியில் உட்காரவே தயங்குவார், "நல்லா இருக்கானா டீச்சர், யாரோடயாவது சண்டை போடறானா" என்பார். படிப்பைப் பற்றிக் கேட்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவர் நினைப்பதுதான் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அதனால் நானே உட்கார வைத்து நோட்டை விரித்துக் காட்டி, போன மாதம் இது வரவில்லை, இந்த மாதம் வருகிறது என்று சொல்லுவேன். எழுத்து தெரியாதவர்களும் சிவப்பு மை குறைந்திருப்பதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் கிளம்பிவிடும். பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போனால் பிழைத்தோம், கூடவே கூட்டிப்போனால் முழு ஆண்டுத் தேர்வுக்குத்தான் பார்க்கலாம். கிளம்புவதற்கு முன்னாலேயே தெருவுக்குப் போய்ப் பேசுவது எங்கள் பள்ளியில் எல்லா ஆசிரியரும் செய்கிற வேலை. யாரும் எங்களுக்கு அதை உத்தரவாகப் போடவில்லை.

குறை இல்லையா என்றால் நிறைய இருக்கிறது. பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் ஏற்றுகிற எமிஸ் பதிவு, வங்கிக் கணக்கு, ஆதார், உதவித்தொகைப் படிவம், விலையில்லாப் பொருட்களை ஏற்றி இறக்குவது, வாக்காளர் பட்டியல் வேலை. இதெல்லாம் தேவையில்லை என்று சொல்லவில்லை, உதவித்தொகை பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும்தான். அதைச் செய்ய ஓர் எழுத்தரைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். வகுப்பறைக்கு வெளியே எதுவும் கிடைக்காத பிள்ளைக்கு ஒரு பீரியட் போனால் போனதுதான், அதை யாரும் ஈடு கட்ட மாட்டார்கள்.

இடைநிலை ஆசிரியர், ஈராசிரியர் பள்ளி, தர்மபுரி மாவட்டம்:

டீச்சர் சொன்னது அப்படியே எங்கள் தொடக்கப் பள்ளிக்கும் பொருந்தும். நான் நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பார்த்தவன், 2012 டெட்டில் வந்தேன். இங்கே நானும் ஹெச்.எம்.மும் மட்டும், வகுப்பு ஐந்து. அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் ஒன்று முதல் ஐந்து வரை எல்லாமே என் தலையில்.

தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் படிநிலை பார்த்து உட்கார வைக்கிறோம். அதில் எனக்குச் சில சந்தேகம் உண்டு, செயலியில் மதிப்பீடு ஏற்றவே நேரம் போகிறது. ஆனாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது என்பதை மறைக்காமல் அங்கிருந்து தொடங்கலாம் என்று அது அனுமதி தருகிறது, அது பெரிய விஷயம். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எங்களுக்கு வந்தது. அதற்கு முன்னால் முதல் பீரியடில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருக்கும் பிள்ளைகளை அதட்டி எழுப்பாதீர்கள் என்று ஹெச்.எம். சொல்லுவார், காரணம் எல்லோருக்கும் தெரியும். இப்போது கிச்சடியோ உப்புமாவோ சாப்பிட்டுவிட்டு உட்காருகிறார்கள், காலையிலேயே கணக்கு எடுக்க முடிகிறது.

சம்பளத்தில் எங்கள் வலி தனி. 2009 ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு அடிப்படை ஊதியம் 5,200, அதற்கு முதல் நாள் வரை சேர்ந்தவர்களுக்கு 8,370. வேலை ஒன்றுதான், 3,170 ரூபாய் வித்தியாசத்தில் தொடங்கியது இன்று எங்கேயோ போய் நிற்கிறது. இதற்காகச் சென்னையில் போய் உட்கார்ந்திருக்கிறோம். கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.

முதுகலை ஆசிரியர், வேதியியல், மேல்நிலைப் பள்ளி:

நான் வந்தது நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியிலிருந்து. பத்தாம் வகுப்பில் 450-க்கு மேல் எடுத்த பிள்ளைகளாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்ப்பார்கள், ராத்திரி பத்து மணி வரை ஸ்டடி, வாரத்துக்கு மூன்று டெஸ்ட். அங்கே ஆசிரியர் செய்வது பெரும்பாலும் மேற்பார்வை. இங்கே ப்ளஸ் ஒன்னில் என் முன்னால் உட்காருகிறவர்களில் பத்தாம் வகுப்பில் 200 மார்க் தாண்டியதையே வீட்டில் கொண்டாடிய பிள்ளைகள் இருக்கிறார்கள். மோல் என்றால் என்ன என்று தொடங்குவதற்கு முன் பத்தின் அடுக்கு சொல்லித்தர வேண்டும். சொல்லித்தந்தால் வருகிறது, அதைத்தான் எழுத வந்தேன்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020-இல் வந்த பிறகு டாக்டர் என்ற வார்த்தையை எங்கள் பிள்ளைகள் கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். ஆனால் என் கணக்கில் அதைவிடப் பெரிய மாற்றம் பெண் பிள்ளைகளிடம்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் என்று 2022-இல் அறிவித்ததும், ரிசல்ட் வந்த வாரத்தில் மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிய அப்பாக்களிடம் பேச எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. எங்கள் ஊரில் ஓர் அப்பாவிடம் டீக்கடையில் வைத்து நானே பேசியிருக்கிறேன். பஸ் செலவுக்கு என்ன செய்வது என்பதுதான் அவருடைய கேள்வி, படிக்க வேண்டாம் என்பதல்ல. அந்தப் பெண் இப்போது பி.எஸ்சி. படிக்கிறாள்.

இன்னும் தனியாரில் இருக்கும் ஒருவர்:

நீங்கள் எழுதியதைப் படிக்கச் சந்தோஷமாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது, மன்னிக்கணும். 2013 டெட்டில் 96 மார்க் எடுத்தேன். வெயிட்டேஜில் போய்விட்டது, நான் ப்ளஸ் டூ படித்த காலத்தில் யாரும் அள்ளி மார்க் போட மாட்டார்கள். அப்புறம் 2018-இல் டெட் பாஸ் செய்தவர்களுக்கும் தனியாகப் போட்டித் தேர்வு என்று ஆணை, அதன்படி 2024 பிப்ரவரியில் நடந்த தேர்வையும் எழுதினேன், சில மார்க்கில் தவறியது. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இனிமேலும் எழுதலாமா? வந்தால் என்னால் அங்கே தாக்குப்பிடிக்க முடியுமா?

கணிதப் பட்டதாரி ஆசிரியை, கள்ளக்குறிச்சிப் பக்கம்:

சார், மன்னிப்பெல்லாம் எதற்கு. நான் டெட்டில் உங்களைவிடக் குறைவு. வெயிட்டேஜில் டெட்டுக்கு 60, மீதி 40-இல் ப்ளஸ் டூவுக்கு 10, டிகிரிக்கு 15, பி.எட்.டுக்கு 15. அந்த நாற்பதுதான் என்னை உள்ளே விட்டு உங்களை வெளியே நிறுத்தியது. வெவ்வேறு வருஷத்தில் வெவ்வேறு மாதிரி திருத்திய மார்க்கை ஒரே தராசில் வைத்தது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், வேலை கிடைத்த பிறகும் சொல்கிறேன்.

எழுதலாம். டெட் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், மறுபடி எழுத வேண்டியதில்லை. வயது வரம்பும் பொதுப் பிரிவுக்கு 53, மற்ற பிரிவினருக்கு 58 என்று 2023-இல் உயர்த்திவிட்டார்கள். தாக்குப்பிடிப்பது பற்றிக் கேட்டீர்கள், தனியாரில் வருஷக்கணக்காக நோட்டுத் திருத்தி, பாடக்குறிப்பு எழுதி, மணி அடிப்பதற்கு முன் வகுப்பில் நின்ற பழக்கம் இங்கே அப்படியே கைகொடுக்கும். எங்கள் பள்ளியில் நன்றாக நடத்துகிறவர்களில் பாதிப் பேர் தனியாரில் அடிபட்டு வந்தவர்கள்தான். ஆனால் அங்கே பார்த்த அனுபவ வருஷங்கள் இங்கே சம்பளத்திலோ பணிக்காலத்திலோ சேராது, முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு காரியத்தை இப்போதே செய்யுங்கள். அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்திடம் இருந்தால் லோனுக்கோ எதற்கோ என்று சொல்லியாவது வாங்கி வையுங்கள், சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள். அப்புறம், தமிழ்வழியில் படித்தவராக இருந்தால் 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்று கேட்பார்கள், கல்லூரிச் சான்று மட்டும் போதாது. படித்த ஒவ்வொரு பள்ளிக்கும் நேரில் போய் அதற்கான படிவத்தில் ஹெச்.எம். கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாளாகும், ஜூன் மாதச் சேர்க்கை நெரிசலில் போகாதீர்கள்.