நிக்கல் மின்முனை நாளாக ஆகத் தேறிக்கொண்டே போவது ஏன்?

கேள்வி:
வணக்கம். நீரைப் பகுக்கும்போது ஆக்சிஜன் வெளிவரும் நேர்மின்முனைக்காக, நிக்கல் தகட்டில் நிக்கல் ஹைட்ராக்சைடு படலம் படியவைத்து, 1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சோதித்து வருகிறேன். சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் பெற முதல் நாள் 430 மில்லிவோல்ட் மிகை மின்னழுத்தம் (வினைக்குக் கோட்பாட்டளவில் போதுமானதற்கு மேல் கொடுக்க வேண்டிய மின்னழுத்தம்) தேவைப்பட்டது. ஐந்தாம் நாள் 340 போதுமானதாக இருந்தது. வினையூக்கி நாளடைவில் தேயும் என்றுதான் படித்திருக்கிறேன். மேற்பரப்பு சொரசொரப்பாகி, பரப்பளவு கூடியதுதான் காரணமா?

பதில் 1:
பரப்பளவைவிட, கரைசலில் இருக்கும் இரும்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கடையில் வாங்கும் காரத்தில் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடில்) சுவடளவு இரும்பு இருக்கும். அது சிறிது சிறிதாகப் படலத்துக்குள் ஏறி, ஆக்சிஜன் வெளிவரும் வினையை எளிதாக்கிவிடும். இதை ஆய்வாளர் டென்னிஸ் காரிகன் 1987-லேயே எழுதிவிட்டார். பின்னர் 2014-இல் ஷானன் போட்சரின் ஓரிகன் பல்கலைக்கழகக் குழு, இரும்பு நீக்கிய காரத்தில் அதே படலத்தை எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது தேறுவதில்லை என்று காட்டியது. அதுவரை படலம் முதிர்ந்து படிக அமைப்பு மாறுவதால் வரும் பலன் என்று நம்பப்பட்டது, உண்மையில் இரும்பின் வேலை. உங்கள் சுழற்சி வோல்ட்டாமெட்ரி (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் சோதனை) வரைபடங்களில் நிக்கல் ஆக்சிஜனேற்றச் சிகரம் உயர் மின்னழுத்தப் பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; அது இரும்பு ஏறியதன் அடையாளம்.

கேள்வி கேட்டவர்:
இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். சிகரம் நகர்ந்ததோடு சிறுத்தும் இருக்கிறது. காரத்தைச் சுத்திகரிப்பது எப்படி, ஐயா?

பதில் 1:
உயர்தூய நிக்கல் நைட்ரேட்டைக் கரைத்துக் காரம் சேர்த்தால் வெளிர்பச்சை நிக்கல் ஹைட்ராக்சைடு வீழ்படியும். அதைப் பலமுறை கழுவி, மையவிலக்கியில் பிரித்து, உங்கள் காரத்துடன் சேர்த்துக் குலுக்கி, அடியில் படியவிட்டு, மேல்தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். வீழ்படிவு இரும்பை உறிஞ்சிவிடும்.

பதில் 2:
கண்ணாடிக் கலத்தில் வைத்தால் அவ்வளவு பாடும் வீண். காரம் கண்ணாடியை அரித்து, அதிலிருக்கும் இரும்பை மீண்டும் கரைசலில் இறக்கிவிடும். பாலிபுரொப்பிலீன் கலம் நல்லது. இரும்பு அணுதான் வினை நடக்கும் இடமா, அல்லது அருகிலுள்ள நிக்கலின் இயல்பை அது மாற்றுகிறதா என்ற விவாதம் ஓயவில்லை என்பதால், ஆய்வறிக்கையில் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய வேண்டாம். இந்த மின்முனையை அமில ஊடகத்துக்குக் கொண்டுபோகும் எண்ணமும் வேண்டாம். நிக்கல் கரைந்துவிடும், அங்கே இரிடியம் ஆக்சைடுதான் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.